ஒறுத்தலும் கீழ்ப்படிதலும்: பரங்கி ஊரில் முடிந்த ஒரு துறவு

சென்னையில் ஆலந்தூருக்கு அடுத்த மெட்ரோ நிலையத்துக்கு ஆங்கிலத்தில் புனித தோமையாரின் மலை என்று பெயர். தமிழில் அது பரங்கிமலை. நாம் கவனிக்காமல் கடந்துபோகும் இந்தப் 'பரங்கி' 17ஆம் நூற்றாண்டில் வெறும் இனப்பெயர் அல்ல. மாட்டிறைச்சி தின்பவன், மது குடிப்பவன், யாரோடும் சேர்ந்து உண்பவன் என்ற வசவெல்லாம் அதற்குள் இருந்தது. கிறிஸ்தவனாவது பரங்கிக் குலத்தில் சேர்வது என்றே அன்று புரிந்துகொள்ளப்பட்டது. அந்தச் சொல்லிலிருந்து விலகி நிற்கவே வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர், பரங்கிகளின் ஊரான மயிலாப்பூர் சாந்தோமில்தான் இறந்தார். அவர் தத்துவ போதகர் எனப்பட்ட ராபர்ட் டி நொபிலி. அவரைப் பற்றி எழுதுவோர் காவியையும் மரக்கறியையும் விரித்துரைப்பார்கள். அந்த ஒறுத்தலை விடக் கீழ்ப்படிதலே அவருக்குக் கனமாக இருந்தது என்பது என் வாசிப்பு.

இரண்டையும் தரம் பிரித்தவர் நொபிலி சேர்ந்திருந்த இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரே. 1553இல் போர்த்துக்கல் நாட்டுச் சபையினருக்கு அவர் எழுதிய கடிதத்தின் சாரம் இது: நோன்பிலும் கண்விழிப்பிலும் பிற துறவியர் நம்மை விஞ்சட்டும், கீழ்ப்படிதலில் நாம் பின்தங்கக் கூடாது. மேலதிகாரியிடம் மாற்றுக் கருத்தை எடுத்துச் சொல்லவும் அக்கடிதத்தில் இடமுண்டு. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1545இல், அதே சபையின் பிரான்சிஸ் சவேரியார் மயிலாப்பூரில் ஏறத்தாழ நான்கு மாதம் தங்கினார். அடுத்து எங்கே போவது என்று தாமாக முடிவெடுக்காமல், தோமையார் கல்லறையருகே வேண்டித் தெளிந்த பிறகே அவர் மலாக்காவுக்குக் கப்பலேறினார்.

நொபிலி 1606இல் மதுரை சேர்ந்தார். அங்கே அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற முன்னாள் படைவீரர் குருவாக இருந்தார். பரவர்களுக்கும் போர்த்துக்கீசிய வணிகருக்கும் அவருடைய கோயில் போதுமானதாக இருந்தது. ஆனால் மதுரைக்காரர் ஒருவரும் அதில் சேரவில்லை. நொபிலி பெர்னாண்டஸின் வீட்டை விட்டு மண்குடிசைக்குப் போனார். காவி உடுத்தி, பாதக்குறடு அணிந்தார். ஒரு நாளுக்கு ஒரு வேளை சோறும் காய்கறியும்தான், இறைச்சி, மீன், முட்டை, மது எதுவும் இல்லை. சமைக்கப் பிராமணர் ஒருவர் இருந்தார். சிவதர்மர் என்பவரிடம் சமஸ்கிருதம் கற்றார். தாம் பரங்கி அல்ல, உரோமையில் பிறந்த உயர்குடியினர் என்று ஓலையில் எழுதி அறிவித்தார்.

பெர்னாண்டஸ் 1610இல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் எல்லாம் புறச்சமயச் சடங்குகள் என்பது குற்றச்சாட்டு. முன்பு ஆதரித்த மாநிலத் தலைவர் லாயர்சியோவுக்குப் பின் வந்தவர்கள் நொபிலியின் முறையைக் கட்டுப்படுத்தினார்கள். உறவினரான கர்தினால் பெல்லார்மினே முதலில் கடிந்துகொண்டார். பத்தாண்டுக்கும் மேல் பணி தேங்கியது. நொபிலி சபையை விட்டு விலகவில்லை, வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. 1613இல் இந்நாட்டு வழக்கங்களைப் பற்றி இலத்தீனில் விரிவான விளக்கம் எழுதினார். 1619இல் கோவாவில் கூடிய அவையில் வாதிட்டார், பேராயர் எதிர்த்தார். இஞ்ஞாசியார் இடம் விட்டிருந்த அளவுக்குள் நின்று இவ்வளவும் செய்தார். கடைசியில் 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அனுமதி தந்தார்.

அந்த ஆணையின் இறுதிப் பகுதியை யாரும் அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை. குலப்பெருமை கொண்டோர் தாழ்த்தப்பட்டவர்களைக் கோயிலுக்குள் இகழக் கூடாது என்று திருத்தந்தை அதில் வேண்டிக்கொள்கிறார். வேண்டவேண்டிய நிலை இருந்தது. நொபிலி துறந்தவற்றில் இறைச்சியும் மதுவும் மட்டுமல்ல, எளிய சாதியினரோடு பழகும் வாய்ப்பும் சேர்ந்திருந்தது. அவர் துறவுக்கான விலையில் ஒரு பங்கை அவர்களும் கொடுத்தார்கள். 1640இல் அதே சபையின் பல்தசார் டா கோஸ்டா பண்டாரசாமி உடை தரித்தபோதுதான் இது ஓரளவு மாறியது. பண்டாரம் பல சாதியாரோடும் புழங்கலாம். 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தரும் (ஜான் டி பிரிட்டோ) அந்த வழியில் வந்தவர்தான்.

அகத்தே நடப்பதற்கும் புறத்தே தெரியும் துறவுக்கும் உள்ள வேறுபாடு விவிலியத் தமிழிலும் தெரிகிறது. சீடனாக வருபவன் தன்னை என்ன செய்யவேண்டும் என்ற இடத்தில் சீர்திருத்தச் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் 'வெறுத்து' என்று வரும். 1995இன் பொது மொழிபெயர்ப்பில் 'துறந்து' என்று வரும். வெறுப்பு உள்ளே நடப்பது, துறவுக்கு உடையும் உணவும் ஊரும் உண்டு. இரண்டாவது சொல்லுக்குத் தமிழ்க் கிறிஸ்தவத்தில் உடல் கொடுத்தவர்களில் நொபிலி முதன்மையானவர்.

பின்னாளில் கீழ்ப்படிதல் எதிர்த்திசையில் திரும்பியது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், நொபிலி வழி வந்த பல வழக்கங்களைத் தடுத்தார். இந்தியா வந்த மறைப்பணியாளர்கள் அவற்றைக் கைக்கொள்வதில்லை என்று உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. அந்த உறுதிமொழி 1940இல்தான் நீக்கப்பட்டது. இன்று ஆகஸ்ட் கடைசியில் காவி கட்டி, செருப்பில்லாமல் பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக்கு அடையாறு வழியாக நடப்பவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை.

மதுரைக்குத் திரும்புவோம். 1640களின் நடுவில், நொபிலியின் முதுமையையும் பார்வைக் குறைவையும் கண்ட மேலதிகாரிகள் அவரை அங்கிருந்து அகற்றினார்கள். முதலில் யாழ்ப்பாணம், பிறகு மயிலாப்பூர். நாற்பதாண்டு பழகிய ஊர் கையைவிட்டுப் போயிற்று. கோட்டை, கடைத்தெரு, போர்த்துக்கீசிய மொழி, போர்த்துக்கீசியச் சமையல் என்று அவர் விலகி நின்றவையெல்லாம் சாந்தோமில் அவரைச் சுற்றி நின்றன. வடக்கே சில மைல் தொலைவில் ஆங்கிலேயரின் கோட்டை எழுந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய பார்வையற்றவராகத் தம் தமிழ் நூல்களை வாயால் சொல்லி எழுதவைத்துத் திருத்தினார். 1656 ஜனவரி 16 அன்று, 78 வயதில், அதே ஊரில் இறந்தார்.