ஒரு ராத்திரிக்கு ஒரு சிடி: சென்னை கேம் லைப்ரரியின் கதை

இன்னைக்கு ஒரு சின்னத் தலைவலியோட வரலாறு. உங்க கம்ப்யூட்டரைத் திறந்தா ஸ்டீம், எபிக், யுபிசாஃப்ட் கனெக்ட், இஏ ஆப், ராக்ஸ்டார் லாஞ்சர், ஜிஓஜி எல்லாம் வரிசையா உட்கார்ந்திருக்கு. ஆறு லாகின். ஒரே கேமை ரெண்டு இடத்துல வெச்சிருக்கோமான்னு கூட ஞாபகம் இல்லை. இந்த நிலைமைக்கு எப்படி வந்து சேர்ந்தோம்?

சென்னைக்கு இந்தக் கதை மவுன்ட் ரோடு பக்கத்துல, ரிச்சி ஸ்ட்ரீட்ல ஆரம்பிக்குது. 2000-க்கு முன்னாடியும் பின்னாடியும் கேம் லைப்ரரின்னா ஜிப் வெச்ச ஒரு சிடி பவுச், அவ்வளவுதான். உள்ளே இருந்தது பெரும்பாலும் காப்பி சிடி, மேல மார்க்கர்ல எழுதின பேர். ஒரிஜினல் பெட்டி வேணும்னா நுங்கம்பாக்கம் ஏபெக்ஸ் பிளாசாவுல இருந்த லேண்ட்மார்க்குக்குப் போகணும். அந்த பவுச்சுல ஒரு வசதி, இரவல் கொடுக்கலாம். தி.நகர்ல வாங்கின சிடி மந்தைவெளி வரைக்கும் போயிட்டு கீறலோட திரும்பும். சில சமயம் திரும்பவே திரும்பாது. ஆனா யார்கிட்ட இருந்தாலும் பாஸ்வேர்டு கேட்காம ஓடும்.

இதை மாத்தினது அமெரிக்காவோட வால்வ் கம்பெனி. 2003 செப்டம்பர்ல ஸ்டீம் வந்தப்போ அது பெரிய கடையெல்லாம் இல்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக் மாதிரி கேமுக்கு அப்டேட் அனுப்புற வழி, அவ்வளவுதான். 2004 நவம்பர்ல ஹாஃப்-லைஃப் 2 வந்ததும்தான் உலகத்துக்கே உறைச்சது. காசு கொடுத்து டிஸ்க் வாங்கினாலும், இன்டர்நெட்ல போய் ஸ்டீம்ல பதிவு பண்ணாம கேம் திறக்காது. டயல்-அப் மோடம் கத்திக்கிட்டிருந்த ஊர்ல இது என்ன நியாயம்? நம்ம பிரவுசிங் சென்டர்கள்ல ஸ்டீம் இல்லாத கவுன்டர்-ஸ்ட்ரைக் காப்பிதான் பல வருஷம் ஓடுச்சு. அதைக் கஞ்சத்தனம்னு மட்டும் சொல்லிட முடியாது. பத்து மெஷினுக்கு ஒரே ஒரு மெதுவான லைன்!

2005-ல பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்துச்சு. அடுத்த சில வருஷத்துல நிறைய வீட்டுல அந்த 500 ரூபா பிளான்தான். பகல்ல டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கணும். ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரைக்கும் எவ்வளவு இழுத்தாலும் கணக்கு கிடையாது. அலாரம் வெச்சு எழுந்தவங்களுக்கு இது நல்லாவே புரியும். 256 கேபிபிஎஸ் வேகத்துல ஆறு மணி நேரம் விடாம ஓடினா சுமார் 690 எம்பி, அதாவது ஒரு சிடி. 2007-ல வேகம் 2 எம்பிபிஎஸ் வரைக்கும் போகும்னு சொன்னாங்க. அந்த வேகம் முழுசா கிடைச்சா ஒரு ராத்திரிக்கு ஒரு டிவிடி. கடைக்குப் போய் வாங்கினது, அளவு மாறாம, டெலிபோன் லைன் வழியா வீட்டுக்கு வர ஆரம்பிச்சது.

2015 நவம்பர்ல ஸ்டீம் ரூபாய்ல விலை போட ஆரம்பிச்சது. அதுவரைக்கும் டாலர். அதே நேரத்துல சென்னையில மழை. டிசம்பர் 1 ராத்திரி அடையாறு ஆறு கோட்டூர்புரத்துக்குள்ளயும் சைதாப்பேட்டைக்குள்ளயும் புகுந்துச்சு. உயிரும் வீடும் போன இடத்துல டிஸ்க்கைப் பத்திப் பேசுறது அற்பம்தான். இருந்தாலும் தரைத்தளத்து அலமாரில இருந்த பெட்டியும் ஹார்ட் டிஸ்க்கும் சேற்றோட போச்சு, அக்கவுன்ட்ல இருந்த கேம் அப்படியே இருந்துச்சு. ‘டிஸ்க்தான் பத்திரம்’னு இந்த ஊர்ல அதுக்கப்புறம் அடிச்சுச் சொல்ல முடியாது.

சரி, ஒரே அக்கவுன்ட் ஏன் ஆறாச்சு? கமிஷன். ஸ்டீம் பொதுவா விற்பனையில 30 சதவீதம் எடுத்துக்கும். அதைக் கொடுப்பானேன்னு இஏ 2011-ல ஆரிஜின்னு தனிக்கடை போட்டுச்சு. யுபிசாஃப்ட்டும் போட்டுச்சு. 2018 டிசம்பர்ல எபிக், 12 சதவீதம் போதும்னு வந்து, கூடவே இலவச கேமையும் அள்ளிவிட்டுச்சு. 2020 மே மாசம், ஊரடங்குல எல்லாரும் வீட்டுல அடைஞ்சு கிடந்தப்போ, எபிக் ஜிடிஏ 5-ஐ இலவசமா கொடுத்தது. கூட்டம் தாங்காம எபிக் சைட்டே படுத்துடுச்சு. ஏற்கெனவே ஸ்டீம்ல வாங்கினவங்களும் ‘சும்மாதானே’ன்னு க்ளிக் பண்ணாங்க. எதுல திறந்தாலும் பின்னாடி ராக்ஸ்டார் லாஞ்சர் தனியா எழுந்து வரும். ஒரு கேம், மூணு லாஞ்சர்.

தலைவலி இதோட முடிஞ்சா பரவாயில்லை. யுபிசாஃப்ட் 2014-ல வித்த ‘தி க்ரூ’ கார் ரேஸ் கேமோட சர்வர் 2024 மார்ச் 31-ல நின்னுச்சு. தனியா ஓட்டக்கூட சர்வர் வேணும், அதனால கேமே செத்துப்போச்சு. லைப்ரரில இருந்து லைசென்ஸையும் எடுத்துட்டாங்க. அதே வருஷம் கலிஃபோர்னியாவுல ஒரு சட்டம் போட்டாங்க: லைசென்ஸைக் கொடுத்துட்டு ‘வாங்குங்கள்’னு மட்டும் பட்டன் வைக்கக் கூடாது, அது லைசென்ஸ்தான்னு தெளிவா சொல்லணும். இப்போ ஸ்டீம்ல பணம் கட்டும்போது அந்த வரியை நீங்களே பார்க்கலாம். அந்த அக்கவுன்ட்டை உங்க தம்பி பேருக்கு உயில் எழுதவும் முடியாது. பவுச்சைத் தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகாது.

ப்ளேநைட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. ஆறு கடை கேமையும் ஒரே பட்டியலா காட்டும், ரெட்டையா இருக்கிறதும் கண்ணுல படும். வாங்குறதுக்கு முன்னாடி அதுல தேடிப் பாருங்க, காசு மிச்சம். ஆனா அது வெறும் பட்டியல்தான். சாவி இன்னும் அந்தந்தக் கடைக்காரங்க கையிலதான்.

வித்தியாசமானது ஜிஓஜி. 2008-ல போலந்தோட சிடி ப்ராஜெக்ட் ஆரம்பிச்சது. காப்பி சிடி சந்தையை நேர்ல பார்த்து வளர்ந்தவங்க அவங்க. பூட்டு போட்டா காப்பி நிக்கும்னு நம்பாம, பூட்டே இல்லாத கேமை வித்தாங்க. வாங்கினதும் இன்ஸ்டாலரை இறக்கி நீங்களே வெச்சுக்கலாம், லாஞ்சர் தேவையில்லை. நான் ரெண்டு கடையிலயும் ஒரே விலைன்னா அங்கேதான் வாங்குவேன். இறக்கின இன்ஸ்டாலரை வைக்க ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வேணும். அது ரிச்சி ஸ்ட்ரீட்லயே கிடைக்கும். பில் கேட்டு வாங்குங்க, வீட்டுல மேல் அலமாரில வைங்க.