மில் மாதிரி ஒரு சினிமா கம்பெனி

ராசிபுரத்திலிருந்து சேலம் போய் ஏற்காடு ரோட்டில் திரும்பினால் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மட்டும் நிற்கிறது. பின்னால் ஸ்டூடியோ இல்லை. அதை நடத்திய டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். லீட்ஸில் படித்ததோ ஜவுளித்தொழில். மனுஷன் சினிமாவையும் மில் மாதிரியேதான் ஓட்டினார்னு எனக்குத் தோணும். எழுதுகிறவருக்கும் மாதச் சம்பளம்தான்! கருணாநிதி அப்படி இருந்து எழுதியதுதான் 'மந்திரி குமாரி' (1950).

மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938) உருவானதும் இதே சேலத்தில்தான். 1956-ல் எம்.ஜி.ஆரை வைத்து 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். சென்னைக்குப் போகாமலே நூற்றுக்குச் சற்றுமுன்பின்னாகப் படங்கள்.

1963-ல் சுந்தரம் காலமானார். பிறகு மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று, ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படங்கள் எடுத்தார்.