சோஜி லாவில் டாங்கி ஏறிய கதை

ஸ்ரீநகரிலிருந்து லேவுக்கு பைக்கில் போகத் திட்டம் போடும் மக்களே, சோனமார்க் தாண்டி வரும் சோஜி லா கணவாயில் போட்டோவுக்கு மட்டும் நிற்காதீர்கள். சுமார் 11,500 அடி உயரம். பனி கொட்டினால் பாதை மூடிவிடும்.

1948-லும் பனிதான் பிரச்சினை. கணவாய் பாகிஸ்தான் தரப்பின் கையில். குளிர் இறுகுவதற்குள் பிடிக்காவிட்டால் லேவுக்குத் தரைவழி உதவி போகாது. செப்டம்பரில் காலாட்படை முயன்றும் முடியவில்லை. ஜெனரல் திம்மய்யா டாங்கிகளை ஏற்றத் துணிந்தார். அதுக்கு ரோடு வேண்டாமா? இருந்ததோ கோவேறு கழுதைப் பாதை. அதை டாங்கி போகுமளவுக்கு அகலப்படுத்தியது நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ்! (எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை...) ஸ்டூவர்ட் டாங்கிகளின் மேல்கூண்டைக் கழற்றி ரகசியமாகக் கொண்டுவந்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி அவை கணவாயில் ஏறின. அந்த உயரத்தில் டாங்கியை யார் எதிர்பார்ப்பார்கள்? பதுங்குகுழிகள் காலியாயின. அதே மாதம் கார்கிலும் மீட்கப்பட்டது.