விழுக்காடும் வாழ்க்கைச் செலவும்: மாற்றுத்திறனாளி உதவித்தொகையின் அளவுகோல்

இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் 2009இல் தொடங்கியது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில், 18 முதல் 79 வயது வரை, 80 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ளவருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 300 ரூபாய். 2012இல் அந்த அளவுக்கு உயர்ந்தது. பத்தாண்டு கடந்தும் அசையவில்லை. தொகை சொற்பம் என்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. தொகையைக் கூட்டினாலும் தீராத கோளாறு ஒன்று அளவுகோலிலேயே இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். உடற்குறையை அளக்கிறார்கள்; அதனால் வரும் செலவை அளப்பதில்லை.

விழுக்காடு வரும் வழியைப் பார்க்கலாம். ஒருவருக்கு இரண்டு குறைபாடுகள் இருந்தால் மருத்துவக் குழு அவற்றை நேரே கூட்டாது. 90இலிருந்து பெரிய எண்ணைக் கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்க்கும். காலில் 60, பார்வையில் 50 என்றால் விடை ஏறத்தாழ 77. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 போதும். ஆக, சென்னையின் கணக்கில் இவர் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர். தில்லியின் கணக்கில் அல்லர். மருத்துவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இரவில் இருமுறை புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டுமா என்பது அந்தச் சூத்திரத்துக்குள் வருவதே இல்லை.

சம்பாதிக்க முடியாமை ஒன்று, கையில் உள்ள பணத்தை வாழ்க்கையாக மாற்ற மற்றவரைவிட அதிகம் செலவழிக்க வேண்டியிருப்பது வேறொன்று என்று அமர்த்தியா சென் பிரித்துக் காட்டினார். வறுமைக்கோடு முதலாவதை மட்டுமே காண்கிறது. மகனைப் பார்த்துக்கொள்ளக் கூலி வேலையை விட்ட தாயின் இழப்பு, டயப்பர், சிறுநீர்க் குழாய், மருத்துவமனைக்கு ஆட்டோ: இவை எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவில், பிறருக்கான இதே போன்ற திட்டங்களைவிட இவர்களுக்கு 25 விழுக்காடாவது கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. ஒன்றிய அரசின் கைம்பெண் ஓய்வூதியமும் 300 ரூபாய்தான். அப்படியானால் 375க்குக் குறைவது சட்டத்தோடு பொருந்தவில்லை. தமிழகத்தில் 2023 ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியம் 1200 ஆனபோது மாற்றுத்திறனாளிகளுக்கு 1500 இருந்தது. கணக்கு துல்லியமாகப் பொருந்துகிறது. ஆனால் அந்த 1200 எதன் அடிப்படையில் வந்தது? போதாத தொகையில் கால் பங்கைக் கூட்டினாலும் வருவது போதாத தொகையே.

பயன்படும் வாசல் அதே பிரிவில் வேறிடத்தில் இருக்கிறது. உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி என்று சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மேற்சொன்ன ஒன்றிய ஓய்வூதியங்களை உள்ளடக்கிய தேசிய சமூக உதவித் திட்டத்தின் ஐந்து கூறுகளில் அது இல்லை. அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டே என்று சட்டமே வரம்பு கட்டியிருப்பதை மறுதரப்பு எடுத்துக்காட்டும். எடுத்துக்காட்டட்டும், எவ்வளவு தேவை என்று கணக்கிட்டுப் பார்த்த அரசுதான் அவ்வளவு முடியாது என்று சொல்ல முடியும். அந்தக் கணக்குக்கு, உயர் ஆதரவுத் தேவையை ஆராய அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு சொல்லும் மதிப்பீட்டுக் குழு ஏற்ற இடம். அதில் மருத்துவர்கள் மட்டுமே அமர்ந்தால் மறுபடியும் விழுக்காடுதான் வரும். வீட்டுக்கே சென்று, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் யார் உதவுகிறார் என்று கேட்டு எழுதும் சமூகப் பணியாளரும், இந்த வாழ்க்கையைத் தானே வாழும் ஒருவரும் அக்குழுவில் இருக்க வேண்டும்.