அம்மைப்பாலும் அணுவின் அடையாளமும்: தஞ்சை நாட்டுப் பெரியம்மை வரலாற்றில் ஒரு பகுதி

1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை அன்னா டஸ்ட்ஹாலின் கையில் குத்திய அம்மைப்பால் பிடித்தது. அவ்வாண்டு முடியுமுன் அது சென்னையையும் இலங்கையையும் எட்டியது. வெப்ப நாட்டில் அதைக் காக்க ஒருவர் கைக்கொப்புளத்தில் எட்டாம் நாளளவில் ஊறும் நீரை அடுத்தவருக்குக் குத்துவதே உறுதியான வழியாக இருந்தது.

1799 உடன்படிக்கையின்படி தஞ்சை நாடு கும்பினியின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. கோட்டையளவில் அதிகாரம் கொண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகாலில் மருத்துவ ஆய்வை வளர்த்தார். காவிரிப் படுகை ஊர்களிலோ வைசூரி மாரியம்மனின் வருகை. வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை காத்திருப்பர். புன்னைநல்லூர்க் கோயிலுக்கு மராட்டிய மன்னர்களே திருப்பணி செய்தனர் என்பதால், அரண்மனை ஒரு புறம், நம்பிக்கை மறுபுறம் எனப் பிரிப்பது பொருந்தாது.

திராவிட மொழிக்குடும்பத்தை 1816இல் நிறுவிய எல்லிஸ், சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாகத் தமிழில் ஒன்றை இயற்றி, பசுவின் அம்மையைத் தெய்வக் கொடையாகக் காட்டினார். சமயமே தடை என்பது அவர் கணிப்பு. ஆயின் அயல்வீட்டுக் குழந்தையின் கொப்புள நீரைத் தன் குழந்தைக்கு ஏற்றத் தயங்கும் தாய்க்குச் சமயக் காரணம் எதற்கு? அம்முறையின் வழியே பிற நோய்கள் பரவக்கூடும் என்ற அச்சம் ஐரோப்பாவிலும் இருந்தது.

அம்மைப்பால் காப்பது ஏன் என்பதை அன்று எவரும் அறியார். வைரசு புகுந்த உயிரணு, அதன் புரதங்களைச் சிறு துண்டுகளாக்கி, தன் திசுப்பொருத்த மூலக்கூறுகளில் ஏந்தி மேற்பரப்பில் காட்டுகிறது. டி அணுக்கள் அத்துண்டை அறிந்து அவ்வுயிரணுவை அழிக்கின்றன. சில நினைவணுக்களாக எஞ்சுகின்றன. அம்மைப்பால் வைரசும் பெரியம்மை வைரசும் நெருங்கிய உறவின. துண்டுகள் பலவும் பொதுவானவை. எதிர்ப்பொருள்களுக்கும் இக்காப்பில் பெரும்பங்கு உண்டு. அயல் துண்டு உடலின் சொந்த மூலக்கூறில் ஏந்தப்பட்டாலன்றி டி அணு அதை அறியாது என்பதை சிங்கர்நாகலும் டோகர்ட்டியும் 1974இல் கான்பெராவில் எலிகளைக்கொண்டு காட்டினர். 1996இல் நோபல் பரிசு பெற்றனர். அயற்பொருளை உள்ளூர்த் தெய்வத்தின் கையில் வைத்துக்காட்டிய எல்லிஸின் உத்தியை இது நினைவூட்டலாம், ஒப்புமை அவ்வளவே.

1975 மே மாதத்திற்குப்பின் இந்தியாவில் பெரியம்மை தோன்றவில்லை. தஞ்சை வட்டாரத்தில் 'அம்மை போட்டிருக்கிறது' என்றால் இன்று பெரும்பாலும் சின்னம்மையே பொருள், வேப்பிலை மாறவில்லை.