பொது நூலகத்தின் வரைபடமும் வாசகரும்: புதுச்சேரி முதல் மதுரை வரை (1827–2023)

முன்னுரை

தமிழ் பேசும் நிலப்பகுதிகளில் எழுந்த பொது நூலகங்களைக் கட்டடப் பாணியை வைத்து வகைப்படுத்துவது எளிது. அவ்வாறு வகைப்படுத்தினால், அந்தக் கட்டடங்கள் யாருக்காக வரையப்பட்டன என்ற கேள்வி விடுபட்டுப்போகும். நூலுக்கும் வாசகருக்கும் நடுவே நின்ற தடைகள் எந்த வரிசையில் நீங்கின என்று பார்த்தால் இந்த வரலாறு தெளிவாகிறது. அனுமதி, பூட்டிய அலமாரி, தொலைவு, உடல், நேரம் ஆகியவை அத்தடைகள். இவற்றில் முதல் இரண்டும் பெருமளவு நீங்கிவிட்டன, கடைசி இரண்டில் வேலை மிச்சமிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. அனுமதி: புதுச்சேரியும் சென்னையும்

புதுச்சேரியின் பொது நூலகம் 1827இல், ஆளுநர் தெபாசின் தெ ரிஷ்மோன் காலத்தில் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் அது ஐரோப்பியருக்கானது. உள்ளூர் மக்களுக்குக் கதவு பிறகே திறந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலண்ட் பிறந்து நூறாண்டு நிறைந்த 1966இல் அவர் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. சென்னையில் ஹென்றி இர்வின் வடிவமைத்த கன்னிமாரா நூலகத்தின் கதவு 1896 டிசம்பர் 5 அன்று திறந்தது. அருங்காட்சியக வளாகத்தில், உயர்ந்த கூரையும் வண்ணக் கண்ணாடியும் கொண்டு எழுந்த அக்கூடம் நூலையும் காட்சிப்பொருள் போலவே மதித்தது. அறிவுக்கு அரசு தந்த கௌரவம் அந்த அழகில் தெரிகிறது. வாசகரின் வசதி அங்கே இரண்டாம் இடத்தில்தான் இருந்தது.

2. அலமாரி: ரங்கநாதன் கொண்டுவந்த திருப்பம்

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அதே ஆண்டு இங்கிலாந்து சென்று அங்குள்ள பொது நூலகங்களைக் கூர்ந்து பார்த்தார். 1931இல் வெளிவந்த அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்கிறது. வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது நான்காவது விதி. நூலகம் வளரும் உயிரி என்பது ஐந்தாவது.

தத்துவமாகப் படிக்கப்படும் இவ்விதிகளைக் கட்டடப் பொறியாளருக்கான கட்டளைகளாகவும் படிக்கலாம். வாசகரே அலமாரிக்குச் சென்று நூலை எடுக்கலாம் என்று முடிவானதும் வரைபடம் மாறியாக வேண்டும். மேல் தட்டு கைக்கு எட்ட வேண்டும். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே இருவர் ஒதுங்கிச் செல்ல இடம் வேண்டும். அந்த இடைவழியில் முதுகெழுத்தைப் படிக்கும் அளவுக்கு வெளிச்சம் விழ வேண்டும். வெளியேறும் வழி நூல் வழங்கும் மேசையைத் தொட்டுச் செல்ல வேண்டும். ஐந்தாவது விதியோ, கட்டி முடித்த நாளிலேயே விரிவாக்கத்துக்கான நிலத்தையும் ஒதுக்கச் சொல்கிறது.

3. தொலைவு: மாட்டு வண்டியும் சட்டமும்

அதே 1931இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டி நூலகம் ஒன்றை உருவாக்கினார். ரங்கநாதன் அதைத் தொடங்கிவைத்தார். வாசகர் வர முடியாவிட்டால் நூலகம் போக வேண்டும் என்ற எண்ணம் அதில் செயலானது. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி, சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்பட்ட நூலக வரி கிளை நூலகங்களுக்கு நிலையான வருவாய் தந்தது. கொடையாளரின் விருப்பத்தை நம்பியிருந்த நூலகம் வரி செலுத்துவோரின் உரிமையானது. அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு இச்சட்டம் பொருந்தவில்லை. 1954இல் ஆட்சி கைமாறிய பிறகும் அங்கே நூலக வளர்ச்சி தனிப்பாதையிலேயே சென்றது.

4. யாழ்ப்பாணம்: திரட்டலும் இழப்பும்

தடைகள் நீங்கினாலும் நூலே அழிந்துபோகலாம் என்பதை இலங்கையின் யாழ்ப்பாணம் காட்டியது. அங்கே கே.எம். செல்லப்பா 1933இல் தம் வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டு அம்முயற்சி வாடகை அறைக்குச் சென்றது. பின்னர் மாநகரமே அதைத் தனதாக்கிக்கொண்டது. புதிய கட்டடத்துக்கு ரங்கநாதன் ஆலோசகராக இருந்தார், சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார். 1959இல் திறந்த அக்கட்டடம் 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டதில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாதவை மீளவே இல்லை. அரிய ஆவணத்தைப் படியெடுத்து வைப்பதும் நூலக வடிவமைப்பின் பகுதி என்பதை அத்தீ உணர்த்தியது. இலங்கைத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் திரட்ட 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் அந்தத் தேவைக்கு விடையாக அமைந்தது.

5. உடலும் நேரமும்

2010 செப்டம்பரில் சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தது. அதன் தரைத்தளத்திலேயே பார்வையற்றோருக்கான பிரெய்ல் பிரிவும், சொந்தப் புத்தகத்தோடு வந்து படிப்போருக்கான பிரிவும் இடம்பெற்றன. குழந்தைகளுக்குத் தனித் தளம் கிடைத்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞருக்கு நூலைவிட இருக்கை, வெளிச்சம், அமைதி ஆகியவையே முதல் தேவை என்பதை அந்த வரைபடம் ஒப்புக்கொண்டது. 2023 ஜூலையில் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இந்த அளவிலான வசதியைத் தென்மாவட்டங்களுக்குக் கொண்டுசென்றது. ஆனாலும் இரண்டும் பெருநகர மையங்கள். பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் விடுப்பும் கேட்பவை.

முடிவுரை

புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், தொழிற்பேட்டையும் சரக்கு லாரிகள் வந்து நிற்கும் முனையமும் உள்ள பகுதி. அதுபோன்ற இடத்துக்கு ஒரு நூலகம் திட்டமிடுவோர் மேற்கண்ட வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது குவிமாடத்தை அன்று. ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளிக்கு இரவு ஒன்பதுக்கும் திறந்திருக்கும் வாசல், தனி மின்வழியும் தனி நுழைவும் கொண்டதால் முழுக் கட்டடத்தையும் திறக்காமலே இயக்கக்கூடிய ஒரு படிப்பறை, சைக்கிளும் சக்கர நாற்காலியும் ஏறும் சாய்தளம், பெண்களும் குழந்தைகளும் அஞ்சாமல் வந்துபோகும் வெளிச்சமான வழி ஆகியவை வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். கட்டி முடித்தபின் இவற்றைச் சேர்ப்பது செலவு கூடிய வேலை. திறந்திருக்கும் நேரத்தை நிர்வாகம் பிறகு தீர்மானிக்கலாம் என்று விடும் வடிவமைப்பு, வேலை நேரத்தில் வர முடியாதவரை முதல் நாளிலேயே விலக்கிவிடுகிறது.