தரங்கம்பாடியின் அமைதி

தரங்கம்பாடிக்குப் போய் வருகிறவர்கள் எல்லாரும் அதன் அமைதியைப் புகழ்கிறார்கள். அந்த அமைதி எப்படி வந்தது என்று நாம் கேட்பதில்லை.

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் அங்கே கோட்டை கட்டினர். 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழாக்கிய புதிய ஏற்பாடு, 1715-இல் அவ்வூரிலேயே அச்சாகி முடிந்தது. அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் தமிழில் விவிலியம் வாசிக்கிற நாம் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

1845-இல் டென்மார்க் இந்த ஊரை செராம்பூரோடு சேர்த்து 12.5 இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றது. வீடு விற்றாலும் குடியிருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்வார்கள். இங்கே விற்கப்பட்டது ஊர். பிறகு இரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது; வணிகமும் அதன் பின்னே போனது. 1926-இல் மாயவரத்திலிருந்து இங்கும் ஓர் இரயில் வந்தது; 1986-இல் அதுவும் நின்றது. வீதிகள் அமைதியாயின. நாம் ஒரு நாள் நடந்து இரசிக்கும் அமைதி, அங்கே பிழைப்புத் தேடிய பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிய அமைதி.

மீனவர்கள் போகவில்லை. 2004-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் காலை, கடல் அவர்கள் வீடுகளுக்குள் புகுந்தது. இன்றும் அதே கரையிலிருந்துதான் படகைத் தள்ளுகிறார்கள்.